உரிமையாளர் இணைப்பில் இருக்கிறார்

"வியூவர்னா இன்னா அர்த்தம்? கையைக் கட்டிக்கினு ஓரமா நின்னு வேடிக்கை பாக்கறதா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"நான் சொன்ன ஆட்டத்துக்கு நானே வேடிக்கை பாக்கணுமா? நல்லா இருக்குதுபா உன் நியாயம்."

"நியாயம் என்னுது இல்ல, அந்த சைட்டுக்காரனோடது. ஓசியில குடுக்கறான் இல்லையா, அதனால ஒரே ஒரு ஓனர். அவன்தான் தொடலாம், திருத்தலாம், அழிக்கலாம். மத்தவா எத்தனை பேர் வேணா வியூவரா இருந்துக்கலாம். ரெண்டாவதா ஒருத்தர் கை வைக்கணும்னா மாசாமாசம் டாலர்ல கட்டணும். கிரெடிட் கார்டு வேணும்."

"எங்க வீட்ல ரேஷன் கார்டு இருக்குது. ஒத்துக்குவானா கேளு."

ஸ்ரீவர்தன் வாய்விட்டுச் சிரித்தான். அடுத்த தடுப்பில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். வர்தன் தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, விசைப்பலகையைப் பொன்னியின் பக்கம் நகர்த்தினான்.

"ஒண்ணு பண்ணலாம். என் பேர்லயே நீயும் வா. பாஸ்வேர்ட் சொல்றேன். யார் வந்து கேக்கப் போறா?"

ரொம்ப நாளைக்கு யாரும் கேட்கவில்லை.

அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் ஆடி மாதம். செவிலிமேடு போகும் சாலையில் குப்புசாமி வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் பொன்னிக்கு வேலை. வருகிறவர்களுக்குக் கணினியைத் திறந்துவிடுவது, ஹால் டிக்கெட் அச்சடித்துக் கொடுப்பது, பள்ளிக்கூடப் பையன்கள் கண்ட பக்கங்களையும் திறந்தால் அதட்டுவது. ஓரிக்கையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவாள். சின்ன காஞ்சிபுரத்து ஸ்ரீவர்தன் கல்லூரியில் அவளோடு கம்ப்யூட்டர் படித்தவன். வீட்டில் கணினி இருந்தும் சென்டருக்கு வந்து உட்காருவான். பேச ஆள் வேண்டுமே.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு பலகை ஆட்டம். பெயர், 'மதகு'. நடுவில் ஏரி. ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால். வாய்க்காலின் இரு கரையிலும் ஆட்டக்காரர்களின் நிலங்கள். ஏரியை ஒட்டிய நிலம் தலைமடை, கடைசியில் கிடப்பது கடைமடை. மதகைத் திறந்து மூட ஊர் ஒரு ஆளை வைத்திருக்கும், நீர்க்கட்டி என்று. ஆட்டத்திலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் நீர்க்கட்டி. அவர் கைக்குத்தான் மதகுச் சாவி. யோசனை பொன்னியுடையது. அவள் அப்பா துரைக்கண்ணுவின் நிலம் கடைமடையில் இருந்தது. தலைமடைக்காரன் வயல் தளும்பும்போது தன் வீட்டு நாற்று வெடித்த மண்ணில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். விதிகளை அவள் சொல்வாள். ஏரி, கரை, அட்டைகள், காய்கள் எல்லாவற்றையும் வர்தன் வரைவான்.

இப்படி ஆட்டம் செய்கிறவர்களுக்கென்றே வெளிநாட்டுக்காரர் யாரோ நடத்திய அந்தத் தளத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்தவனும் அவன்தான். அதில் பலகையைத் திரையிலேயே விரிக்கலாம், காய்களை நகர்த்திச் சோதிக்கலாம், அட்டைகளில் எழுதலாம். உரிமையாளர் உள்ளே இருந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். பார்வையாளர்களின் பெயர்கள் கீழே, வெளிறிய எழுத்தில் வந்து நிற்கும். அவர்களால் ஒரு வார்த்தை எழுத முடியாது, ஒரு நெல்மணிக் காயை நகர்த்த முடியாது.

கூட்டம் குறைந்த பகல் வேளைகளில் பொன்னி 'ஸ்ரீவர்தன்' ஆகி உள்ளே போவாள். சாயங்காலம் நிஜமான ஸ்ரீவர்தன் வருவான். பகலில் அவள் விட்ட இடத்தில் அவன் தொடுவான். ஒரே ஆள் வலக்கையாலும் இடக்கையாலும் மாற்றி மாற்றிக் கோலம் போட்டதுபோல ஆட்டம் வளர்ந்தது. பொன்னியின் சொந்தப் பெயர் கீழே பார்வையாளர் வரிசையில் சும்மா கிடந்தது. அதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. கூட்டாளி வீட்டு வாசலில் செருப்பை விடும்போது யாராவது அதில் பேர் எழுதி வைப்பார்களா?

கார்த்திகையில் வர்தனுக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மறுபடியும் எடுத்துப் பார்த்தார்கள், பிறகு மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். வியாதி ரத்தத்தில்தான் இருந்தது. அங்கே நோயாளியோடு ஒருவர்தான் தங்கலாம். அவன் அப்பா சக்ரவர்த்தி, பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் நடத்தி ஓய்வு பெற்றவர், அவர் போனார். அம்மா வரலக்ஷ்மி போகவில்லை.

போக முடியாது என்று அவள் நினைத்தாள். அந்த வீட்டில் பெருமாளாகவே பூஜிக்கும் சாளக்கிராமக் கல் இருந்தது, தலைமுறை தலைமுறையாக. பெருமாள் இருக்கும் வீட்டில் ஒரு நாள்கூடத் தளிகை நிற்கக் கூடாது. அன்னம் சமைத்து அவருக்குக் காட்டிவிட்டுத்தான் யாரும் சாப்பிட வேண்டும். நாலு வீடு தள்ளியிருந்த வைபவ் காலையில் வந்து திருவாராதனம் என்கிற பூஜையைப் பண்ணிக் கொடுத்தான். அவள் மடியாகச் சமைத்தாள். பிள்ளை இப்படிக் கிடக்கும் நேரத்தில் பெருமாளைப் பட்டினி போட்டுவிட்டு எப்படிக் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறுவது என்பது அவள் பயம்.

கிளம்புவதற்கு முன்னால் வர்தன் அம்மாவை வீட்டுக் கணினியின் முன்னால் உட்கார வைத்தான். அவளையும் பார்வையாளராகச் சேர்த்தான்.

"எனக்குப் பேசினா மூச்சு வாங்கறதும்மா. போன் போன்னு பண்ணாதே. இதைத் திறந்து பாரு. என் பேர் பக்கத்துல பச்சை எரிஞ்சா நான் எழுந்து உக்காந்து வேலை பண்ணிண்டிருக்கேன்னு அர்த்தம். பாத்துட்டு நிம்மதியாப் போய்ப் படு."

இதைப் பொன்னியிடம் சொல்லிச் சிரித்ததும் அவன்தான். "எங்கம்மா இப்போ உனக்குச் சமானம். அவளும் வியூவர், நீயும் வியூவர்."

இரவல் லாப்டாப்பில் கொஞ்ச நாள் அவனே வந்தான். பிறகு ஒரு நாள் சென்டருக்குப் போன் வந்தது. குரல் அவனுடையதுதானா என்று பொன்னிக்குச் சந்தேகமாக இருந்தது.

"லாப்டாப்பைத் தூக்க முடியல பொன்னி. அம்மா விளக்கேத்திட்டு ஆறு மணிக்கு வந்து உக்காந்துக்கறா. பச்சை இல்லேன்னா அப்பாவுக்குப் போன் பண்ணி அழறா. நீ பகல்ல வர்றதைச் சாயங்காலம் வாயேன். என் பேர்லதானே வரே, புதுசா ஒண்ணும் இல்லையே."

"மாமிகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒரு வார்த்தை பேச வேண்டாம். வந்து வேலை பாரு, போதும். நான் எழுந்து உக்காந்ததும் நானே சொல்லிடறேன்."

"எழுந்து உக்காருடா மொதல்ல," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த பிறகும் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை. "இன்னா பொன்னிமா, கரண்ட் அடிச்சிடுச்சா?" என்று குப்புசாமி கேட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலங்கள் மாறின. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பொன்னி உள்ளே போவாள். பச்சைப் புள்ளி எரியும். சற்று நேரத்தில் கீழே வெளிறிய எழுத்தில் 'வரலக்ஷ்மி' வந்து நிற்கும். பொன்னிக்கு முதல் சில நாள் விரலே ஓடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. அப்புறம் பழகியது. வர்தனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு காயை நகர்த்துவான், யோசிப்பான், பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைப்பான், மறுபடி நகர்த்துவான். பொன்னி அதேபோலச் செய்தாள். வேலை முடிந்த பிறகும் வெளியே வராமல், ஒரு மேகத்தைக் கொஞ்சம் இப்படி, ஒரு பனைமரத்தைக் கொஞ்சம் அப்படி என்று தள்ளிக்கொண்டிருப்பாள். 'வரலக்ஷ்மி' மறைந்த பிறகுதான் எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல், ஒரே பிள்ளையின் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கட்டில்தான் இல்லை.

ஆட்டத்தில் ஒரு முடிச்சு அவிழாமலே இருந்தது. கடைமடையில் உட்காருகிறவன் எப்படி ஆடினாலும் தோற்றான். மழை அட்டையைக் கூட்டிப் பார்த்தார்கள், வாய்க்காலைக் குறுக்கிப் பார்த்தார்கள். மாசியில் ஒரு நாள், அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொன்னிக்கு அது தோன்றியது. சாவி சுற்றிச் சுற்றி வர வேண்டாம். கடைமடைக்காரனிடமே எப்போதும் இருக்கட்டும். அவன் நிலத்துக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டுமானால் எல்லோருடைய நிலத்தையும் தாண்டித்தானே வர வேண்டும்! அவன் வயிறு நிறைய வேண்டுமென்றால் ஊர் வயிறெல்லாம் முதலில் நிறைந்தாக வேண்டும். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து உட்கார்ந்தாள். மணி ஆறாகிக்கொண்டிருந்தது. 'வரலக்ஷ்மி' வந்து நின்றது. பொன்னி சாவிக் காயை எடுத்தாள், வாய்க்கால் நெடுகிலும் மெதுவாகக் கொண்டுபோய்க் கடைசி வயலில் வைத்தாள். இந்தத் தடவை எடுத்துப் பழைய இடத்தில் வைக்கவில்லை. விதியை எழுதினாள். தானே ஆடிப் பார்த்தாள். ஆட்டம் மூச்சுவிட ஆரம்பித்திருந்தது. வர்தனுக்கு நாளைக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே அவன் போய்விட்டிருந்தான்.

மறுநாள் வைபவ் வந்துதான் சொன்னான், சென்டர் வாசலில் சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டே.

"மாமா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சாயங்காலம் வரைக்கும் தவிச்சிருக்கார். ஆறு மணிக்கு மேலதான் ஆத்துக்குப் போன் பண்ணினார். நான் அங்கதான் இருந்தேன். மாமி நம்பவே இல்ல பொன்னி. 'நீங்க யாரோ வேற பிள்ளையைப் பாத்துட்டுச் சொல்றேள். வர்தன் உக்காந்திருக்கான், இப்போதான் சாவியைக் கடைசி வயல்ல வச்சான், நான் என் கண்ணால பாத்துண்டிருக்கேன்'னு சொல்றா. அந்தப் பக்கம் மாமா கதறறார். இவ திரையைக் காட்டி என்கிட்ட, 'பாருடா, பச்சை எரியறதா இல்லையா, நீயே சொல்லு'ங்கறா."

பொன்னி உள்ளே திரும்பி, நேற்றுச் சாயங்காலம் தான் உட்கார்ந்திருந்த கணினியைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு போலிருக்கு," என்றான் வைபவ். "ஆனா கடைசி வாரம்வரைக்கும் எவ்வளவு வேலை பண்ணிருக்கான் பாரேன். என்ன மனசு அவனுக்கு!"

காரியங்கள் எல்லாம் முடிந்து, பங்குனி வெயில் ஏற ஆரம்பித்தபோது, மெட்ராஸிலிருந்து அர்ஜுனன் என்பவர் வர்தனைத் தேடினார். பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள்கள் செய்யும் ஒரு கம்பெனிக்காரர். வர்தன் எப்போதோ அவரையும் பார்வையாளராகச் சேர்த்து வைத்திருந்தான். அந்தக் கடைமடைச் சாவிதான் ஆட்டத்துக்கு உயிர், இதை நாங்கள் வெளியிடுகிறோம், பெட்டியின் மேல் வர்தன் பெயரைப் போடுவோம், அந்தப் பையன் இருந்திருந்தால் வேலைக்கே எடுத்திருப்போம் என்று சக்ரவர்த்தியிடம் சொல்லியிருக்கிறார். வைபவ் மூலமாகக் கேள்விப்பட்ட பொன்னி அவனிடமே அர்ஜுனனின் நம்பரைக் கேட்டு வாங்கினாள். பிறகு அவளே அவருக்குப் போன் பண்ணினாள். திணறித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் நல்ல மனிதர். "நான் நம்பறேம்மா," என்றார். "பேசறப்பவே தெரியுது. ஆனா எங்க ஆபீஸ்ல நம்பணுமே. சைட்ல நாள், நேரம் ஒண்ணும் காட்டாது, ஒவ்வொரு திருத்தமும் அவர் பேர்ல. நீங்க வெறும் வியூவர். ஓனர் உரிமையை உங்க பேருக்கு மாத்திக்கிட்டு, அவங்க வீட்ல சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்ல வைங்க. அப்புறம் ஆட்டத்தை எங்க கணக்குக்கு எடுத்துக்கிட்டு, பழைய பக்கத்தை மூடிடுவோம். பெட்டியில உங்க பேர் வரும். அவர் பேரும் போடலாம். உங்களுக்கு இங்க வேலையும் இருக்குது. திங்கக்கிழமை முடிவு பண்றாங்க. அதுக்கப்புறம் என் கையில இல்ல."

மாற்றுவதற்கு யார் தயவும் தேவையில்லை. கடவுச்சொல் அவளுக்கு மட்டும்தான் தெரியும். உரிமையை மாற்றும் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அன்று சாயங்காலம் அதற்காகத்தான் உட்கார்ந்தாள். ஆனால் வர்தன் பெயரில் போகக் கை வரவில்லை. முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரில், பார்வையாளராக உள்ளே போனாள். பலகை அசையாமல் கிடந்தது. உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறம். கீழே பார்வையாளர் வரிசையில் அவள் பெயருக்கு மேல் இன்னொரு பெயர் முன்னாலேயே வந்து காத்திருந்தது. வரலக்ஷ்மி.

சனிக்கிழமை பொன்னி சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனாள். சக்ரவர்த்தி கோயிலுக்குப் போயிருந்தார். வரலக்ஷ்மி மாமி கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"வாம்மா. பஸ்ஸுல வந்தியா? முகம் வாடியிருக்கே. மோர் சாப்பிடறியா?"

"வாணாம் மாமி. உங்க கையில ஒண்ணு சொல்லணும்னு..."

"பாஸ்வேர்ட் உனக்குத் தெரியும். அதுதானே?"

பொன்னி நின்றபடியே அழ ஆரம்பித்தாள்.

"உக்காரு. நின்னுண்டே அழாதே," என்றாள் மாமி. "அவர் மெட்ராஸ்லேர்ந்து வந்து சொன்னப்புறம்தான் மத்தியானமே ஆயிடுத்துன்னு உறைச்சது. அப்போ சாயங்காலம் சாவியை நகர்த்தினது யாரு? உக்காந்து யோசிச்சேன். யோசிக்கறதைத் தவிர எனக்கு என்ன வேலை இருக்கு? எங்களுக்குக் காணி நிலம் கிடையாது. கடைமடைக்காரன் வயித்தெரிச்சல் எங்காத்துல யாருக்குத் தெரியும்? உங்கப்பா நிலம் கடைமடைன்னு அவன் சொன்னது ஞாபகம் வந்தது, புரிஞ்சுண்டேன்."

"அவன்தான் மாமி கேட்டுக்கினான். நீங்க அழுவுறீங்கன்னு. எழுந்து உக்காந்ததும் அவனே சொல்லிடறேன்னான்."

"சொல்லியிருப்பான். அவன் அப்படித்தான்."

பொன்னி தாவணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். அர்ஜுனன் பேசியது, வேலை, திங்கட்கிழமை எல்லாவற்றையும். "அந்த ஆட்டம் நான் சொன்னது மாமி. என் பேரு அதுல எங்கயுமே இல்ல. அவன் பேரும் இருக்கட்டும், நான் வாணாங்கல. ஆனா உரிமையை மாத்தினா ஆட்டம் கம்பெனிக்காரங்க கணக்குக்குப் பூடும். இங்க இருக்கறதை மூடிடுவாங்க. நீங்க தெனம் பாக்கறீங்க, அதனாலதான் கேக்காம செய்ய மனசு வரல."

மாமி பூஜை அலமாரி பக்கம் திரும்பினாள். பெருமாள் திரும்ப வந்து எழுந்தருளியிருந்தார். முன்னால் துளசி கிடந்தது.

"அவன் போன அன்னிக்கே தீட்டுன்னு பெருமாளை வைபவ் ஆத்துக்கு எழுந்தருளப் பண்ணிட்டா. கையில ஏந்திண்டு போனான். நாலு வீடு. நான் வாசல்ல நின்னு பாத்துண்டிருந்தேன், ஒரு நிமிஷம்கூட ஆகல. அங்க வேளை தவறாம தளிகை ஆகி அமுது கண்டருளிண்டு சௌக்கியமா இருந்தார். அந்த நாலு வீட்டை நான் கார்த்திகையிலேயே நடந்திருக்கலாம், பொன்னி. நடந்திருந்தா அவன் பக்கத்துல போய் உக்காந்திருப்பேன். எனக்குத் தோணலை. யாரும் சொல்லலை. இங்க உக்காந்து புள்ளியைப் பாத்துண்டிருந்தேன்."

தெருவில் யாரோ பால்காரரை அழைத்தார்கள். மாமி எழுந்து போய் விளக்கேற்றினாள். பிறகு கணினிக்குப் பக்கத்தில் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டாள். திரையில் 'மதகு' விரிந்தது. ஏரி, வாய்க்கால், கடைசி வயலில் சாவி.

"நியாயம் உன் பக்கம்தான். நான் மறுத்துப் பேசலை. அவர் வந்ததும் சம்மதம்னு சொல்லச் சொன்னா சொல்லிடுவார், அவருக்கு இதெல்லாம் தெரியாது," என்றாள் மாமி. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்றிருந்தது. "ஆனா ஒண்ணு கேக்கறேன், முடியாதுன்னா முடியாதுன்னுடு. அந்த மனுஷர்கிட்ட வேற ஆட்டம் ஒண்ணு பண்ணித் தரேன்னு சொல்லேன்டிம்மா. உனக்கு வரும். உன் தலையில இன்னும் எத்தனையோ இருக்கும். இவனுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இதை இவன் பேர்லயே விட்டுட்டு, தினம் சாயங்காலம் ஒரே ஒரு தடவை, அந்தப் பச்சை எரியறாப்ல உள்ள வந்துட்டுப் போறியா?"